நீவெஸுக்கு வைத்த ஒயின்

எங்கள் மலையில் எவாசியோவை விருந்துக்குக் கூப்பிடுவதென்றால் எல்லோரும் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பார்கள். ஆள் நல்லவர்தான். குடித்துவிட்டு வம்புக்குப் போக மாட்டார், பாடச் சொன்னால் பாடுவார், மீந்ததைக் கட்டிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். தொல்லை அவருடைய மூக்கினால்தான். கிளாஸைக் கையில் எடுத்து ஒரு சுழற்றுச் சுழற்றுவார். மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். பந்தி மொத்தமும் வாயில் வைத்ததை விழுங்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

"பீப்பாயைக் கழுவாம ஊத்திட்டியா?" என்பார். அல்லது, "அறுக்க அவசரப்பட்டுட்ட. காய் இன்னும் பழமாகல" என்பார். நாலு பேர் முன்னால் சொல்கிறோமே என்ற கூச்சநாச்சம் கிடையாது. நன்றாக இருந்தால் மட்டும் ஒரு வார்த்தை பேச மாட்டார். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, காலி கிளாஸை நீட்டுவார். அவ்வளவுதான் பாராட்டு. அவர் ஒருநாள் கிளாஸை நீட்ட மாட்டாரா என்று ஏங்கியே கிழவர்களான ஆட்கள் எங்கள் ஊரில் உண்டு. நாளடைவில் அதுவே ஊர்ப் பழக்கமாகிவிட்டது. யார் வீட்டு மேஜையிலும் வாயால் புகழ்வது போய், கிளாஸை நீட்டுவதுதான் மரியாதை என்றானது.

அவர் தோட்டத்தில் விளைந்தது நெபியோலோ திராட்சை. சாப்பாட்டோடு தினமும் குடிக்கிற பர்பேரா மாதிரி சாதுவான ஜாதி இல்லை அது. பனி இறங்குகிறவரை பழுக்காமல் அடம் பிடிக்கும். ஒயினாக்கினாலும் முதல் சில வருஷம் வாயில் வைக்க முடியாது, பச்சை வாழைக்காயைக் கடித்த மாதிரி நாக்கை இழுத்துப் பிடிக்கும். அப்படியே இருட்டில் கிடக்கவிட்டு மறந்துவிட வேண்டும். பத்து, இருபது வருஷம் போனால் நிறம் வெளுத்துப் பழைய ஓட்டின் சிவப்புக்கு வரும். துவர்ப்பு அடங்கும். அதற்கப்புறம் திறந்தால் காய்ந்த ரோஜாவும், புதிதாகப் போட்ட சாலையின் தாரும், மழைக்குப் பிந்தைய காட்டு மண்ணும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வரும். காத்திருக்கத் தெரியாதவனுக்கு அந்த ஒயின் ஒன்றும் தராது. எவாசியோவுக்குக் காத்திருக்கத் தெரிந்திருந்தது. அவருக்குத் தெரிந்ததே அது ஒன்றுதான் என்று அவர் மனைவி ஒனோரினா சொல்வாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தது. நெடுநாள் குழந்தையில்லாமல் இருந்து பிறந்தவள். நீவெஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்த வருஷம் அறுவடையும் அப்படி ஒரு அறுவடை, கிழவர்களே வாயைப் பிளந்தார்கள். குழந்தை பிறந்த வருஷத்து ஒயினில் கொஞ்சம் எடுத்து அதன் கல்யாணத்துக்கென்று ஒதுக்கி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எவாசியோ ஒரு டஜன் பாட்டிலும் கூட ஒன்றும் எடுத்து, நிலவறையின் கடைசி மூலையில் மணலைப் பரப்பிப் படுக்கவைத்தார். எல்லா அப்பன்களும் செய்கிற காரியம். ஆனால் எவாசியோ அதற்குமேல் ஒரு சபதமும் செய்தார். கல்யாணத்தன்று நீவெஸ்தான் முதல் வாய் குடிக்க வேண்டும். அவள் குடிக்கும்வரை அதை இவர் குடிக்கவும் மாட்டார், மோந்துகூடப் பார்க்க மாட்டார். உலகத்தில் உள்ள அத்தனை பாட்டிலுக்குள்ளும் நுழைகிற மூக்கு, அந்தப் பதின்மூன்றுக்கு மட்டும் வெளியே நிற்கும்.

"வேற எதையாவது விட்டுக்கொடுத்தா அது பெரிசா?" என்று கேட்டார். "இதுதான் எனக்குப் பெரிசு. அதான் அவளுக்கு."

நீவெஸுக்கு அப்பன் மூக்கு அப்படியே வந்திருந்தது. அதற்கு ஊரே சாட்சி. அவளுக்குப் பத்து வயதிருக்கும்போது அடுத்த தோட்டத்து கில்தோ தன் மகன் ஞானஸ்நானத்துக்கு விருந்து வைத்தார். கில்தோவும் எவாசியோவும் ஒரே பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். கில்தோ தன்னிடமிருந்த ஆகப் பழைய பரோலோவை, அதுவும் நெபியோலோ ஒயின்தான், திறந்து, எவாசியோவுக்கே முதலில் ஊற்றினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீவெஸ் கிளாஸைக் குனிந்து மோந்துவிட்டு மூக்கைச் சுளித்தாள்.

"அப்பா, ஈரத் துணியை மூட்டை கட்டி வச்ச மாதிரி நாறுது."

எவாசியோ மோந்தார். முகம் பெருமையில் மலர்ந்துவிட்டது. எழுந்து நின்றார்.

"எல்லாரும் கிளாஸைக் கீழ வைங்க! தக்கை நாத்தம்! பத்து வயசுக் குழந்தை கண்டுபிடிச்சிருச்சு. ஏண்டா கில்தோ, உன் மூக்கை என்ன, அடகு வச்சிட்டியா?"

தக்கை நாற்றம் யாருடைய குற்றமும் இல்லை. ஆயிரத்தில் சில தக்கைகளில் பூசணம் பிடித்திருக்கும். அது தொட்ட ஒயினில் ரோஜாவும் இருக்காது, தாரும் இருக்காது, ஈரச் சுவர்தான் இருக்கும். ஆனால் அந்தக் கூடத்தில் எழுந்த சிரிப்புக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? கில்தோ பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் முற்றத்தில் கொட்டினார். திரும்பி வருவதற்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

வீட்டுக்கு நடந்து வரும்போது எவாசியோ மகளைத் தோளில் தூக்கிக்கொண்டார். அவள் அவர் காதருகே சொன்னாள்.

"நான் சொல்லிருக்கக் கூடாதுப்பா."

"ஏன்? சரியாத்தானே சொன்ன?"

"கில்தோ மாமா கொட்டும்போது அழுதாரு. நான் ஜன்னல் வழியாப் பார்த்தேன்."

"ஒயின் விஷயத்துல உள்ளதைச் சொல்லணும்டி. இல்லன்னா நாக்கு எதுக்கு?"

அதற்குப்பின் யார் வீட்டிலும் நீவெஸ் வாயைத் திறந்து குற்றம் சொல்லி நான் கேட்டதில்லை. கில்தோவும் எவாசியோவும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையை ஆட்டிக்கொள்வதோடு சரி. அப்படியே வருஷங்கள் போய்விட்டன.

நீவெஸ் படித்து, டுரின் நகரத்தில் தபால் ஆபீசில் வேலைக்குப் போனாள். சனிக்கிழமை பஸ்ஸில் வருவாள். வந்ததும் நிலவறைக்குப் போய்த் தன் பாட்டில்களை ஒருமுறை பார்த்துவிட்டு, "இன்னும் கல்யாணம் ஆகலயாடி உங்களுக்கு?" என்று அவற்றைக் கேட்டுவிட்டு வருவாள். ஒருவழியாக, கூட வேலை செய்யும் பையன் ஒருவனோடு நிச்சயம் ஆனது. அடுத்த அறுவடை முடிந்ததும் கல்யாணம் என்று பேச்சு. எவாசியோ அன்று நிலவறையில் தனியாக உட்கார்ந்து பாடியது தெரு வரைக்கும் கேட்டது.

அந்தக் கோடையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. விட்டது, திரும்ப வந்தது. உடம்பில் கைபட்ட இடமெல்லாம் நீலம் பாய்ந்தது. ரத்தத்தில் கோளாறு என்றார்கள் டாக்டர்கள். ஊசிகள், படுக்கை, மறுபடி ஊசிகள். அறுவடைக்கு முன்பே அவள் பையனிடம் மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவன் அழுதான், வாங்கமாட்டேன் என்றான், கடைசியில் வாங்கிக்கொண்டான். டாக்டர் ஒனோரினாவைத் தனியே கூப்பிட்டு, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று ஒனோரினாவுக்குப் புரிந்தது. எவாசியோ, புரிந்துகொள்ளக்கூடாது என்று முடிவு செய்துகொண்டார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் அடுப்படியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த நீவெஸ் கேட்டாள்.

"அப்பா, என் அம்பத்தெட்டுல ஒண்ணைத் திறயேன். குடிச்சுப் பார்க்கணும்போல இருக்கு."

"கல்யாணத்துக்கு வச்சது."

"கல்யாணம்தான் இல்லன்னு ஆயிடுச்சே."

"இவன் இல்லன்னா வேற ஒருத்தன். முதல்ல உடம்பு தேறட்டும்."

ஒனோரினா அடுப்பைப் பார்த்தபடி, "ஒண்ணைத் திறந்தா என்ன குறைஞ்சு போகும்?" என்றாள். எவாசியோவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இப்பத் திறந்தா என்ன அர்த்தம் தெரியுமா? உனக்குத் தெரியாது. பேசாம இரு!"

அவளுக்குத் தெரியும். மூன்று பேருக்கும் தெரியும். கல்யாணத்துக்கு வைத்த ஒயினைக் கல்யாணமில்லாமல் திறந்தால், இனி கல்யாணமே இல்லை என்று அந்த வீடு ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அப்புறம் அவர் செய்த காரியம் இருக்கிறதே, அதை நினைத்தால் எனக்கு அவரை அடிக்கவும் தோன்றுகிறது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றுகிறது. பழைய பாட்டில்களில் வருஷம் ஆக ஆக ஒயின் மட்டம் இறங்கும், தக்கை தளரும். இன்னும் இருபது வருஷம் வைக்க வேண்டுமென்றால் தக்கையைப் பிடுங்கி, ஒரு பாட்டிலைப் பலி கொடுத்து அதிலிருந்து மற்றதையெல்லாம் கழுத்துவரை நிரப்பி, புதுத் தக்கை அடிக்க வேண்டும். எவாசியோ அதைச் செய்யப்போவதாக அறிவித்தார். மகள் எலும்பும் தோலுமாக அடுப்படியில் உட்கார்ந்திருக்க, இவர் அவள் கல்யாண ஒயினுக்கு இன்னொரு இருபது வருஷம் ஆயுள் வாங்கக் கிளம்பிவிட்டார்.

தக்கை அடிக்கும் நல்ல இயந்திரம் கில்தோவிடம்தான் இருந்தது. ஒனோரினா போய்க் கேட்டாள். கில்தோ தானே தூக்கிக்கொண்டு வந்து வாசலில் இறக்கி வைத்தார். போகாமல் நின்றார்.

"எவாசியோ, ஊத்துற பாட்டிலை முதல்ல யாராவது மோந்து பார்க்கணும்ப்பா. உனக்கு சபதம்னு தெரியும். நான் வேணும்னா..."

"என் ஒயினை மோந்து பார்க்க உன் மூக்கு வேணுமா எனக்கு? மீட்டுட்டியா அதை?"

கில்தோ கையைத் துடைத்துக்கொண்டார். "உன் இஷ்டம்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நீவெஸ் தானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்ததால், நிலவறையில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டு இரண்டு கம்பளி போர்த்தினார்கள். எவாசியோ பாட்டில்களை வரிசையாக நிறுத்திவைத்து, கைக்குட்டையை மடித்து மூக்கையும் வாயையும் இறுக்கக் கட்டிக்கொண்டார். கண் மட்டும் வெளியே தெரிந்தது.

"பாங்க் கொள்ளைக்காரன் கெட்டான்," என்றாள் நீவெஸ். "அப்பா, நான் முதல்ல ஒரு வாய் பார்க்கட்டுமா? என்னோடதுதானே."

"எல்லாம் முடியட்டும். தக்கை திறந்து நின்னா காத்துப் பட்டுக் கெட்டுரும்."

அவசரம் அவசரமாக வேலை நடந்தது. வரிசையில் முதலாவதாகக் கைக்கு வந்ததைப் பலி பாட்டிலாக எடுத்தார். மற்ற ஒவ்வொன்றிலும் தக்கையைப் பிடுங்கினார், பலி பாட்டிலிலிருந்து கழுத்துவரை ஊற்றினார், வெந்நீரில் ஊறிய புதுத் தக்கையை வைத்து இயந்திரத்தின் கைப்பிடியை அழுத்தினார். அதுவரை தளர்ந்து போயிருந்த மனுஷர், ஒவ்வொரு தக்கை உள்ளே இறங்கும்போதும் ஒரு வயது குறைந்தவர்போல ஆனார். கடைசிப் பாட்டிலின் வாயில் சிவப்பு மெழுகைத் தடவிவிட்டு நிமிர்ந்தபோது கண் சிரித்தது.

"இனிமே நீ நாப்பத்தெட்டு வயசுல கல்யாணம் பண்ணிக்கிட்டாலும் அப்பன் ஒயின் காத்திருக்கும்."

"அந்த வயசுல எவன்ப்பா வருவான்?" என்று அவளும் சிரித்தாள். "மிச்சம் இருக்கே, அதையாவது கொடு."

பலி பாட்டிலின் அடியில் கொஞ்சம் மீந்திருந்தது. கசடு கலங்காமல் ஒரு கிளாஸில் இரண்டு விரல் அளவு ஊற்றி நீட்டினார். கைக்குட்டையை மட்டும் அவிழ்க்கவில்லை. கல்யாணத்தன்றுதான் அவர் மோந்து பார்ப்பார். அது நிச்சயம் நடக்கும்.

நீவெஸ் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்த்தாள். சுழற்றினாள். மூக்கை உள்ளே விட்டாள். கண்ணை மூடினாள். ரொம்ப நேரம் மூடியே இருந்தாள். பிறகு கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தாள். மெழுகு பூசிய பன்னிரண்டு பாட்டில்களைப் பார்த்தாள். குடித்தாள். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, காலி கிளாஸை அவரிடம் நீட்டினாள்.

எவாசியோவுக்குத் தலைகால் புரியவில்லை. "ரோஜா இருக்கா?" என்று கைக்குட்டைக்குள்ளிருந்து கேட்டார்.

"இருக்குப்பா."

"தாரு?"

"அதுவும் இருக்கு. இன்னும் கொஞ்சம் ஊத்துப்பா."

அன்று முழுவதும் எவாசியோ கால் தரையில் பாவாமல் நடந்தார். ஒனோரினா பின்கட்டுக்குப் போய் அழுதாள். அவரைப் பார்த்து அழுதாளா, மகளைப் பார்த்து அழுதாளா என்று அவளுக்கே தெரியாது.

வெட்டிவிட்ட கொடி நுனிகளில் நீர் சொட்டுகிற வசந்தத்தின் தொடக்கத்தில் நீவெஸ் போய்விட்டாள். காலையில் ஜன்னலைத் திறக்கச் சொன்னாள், அம்மா திறந்துவிட்டுத் திரும்பினாள், அதற்குள் முடிந்துவிட்டது. எவாசியோ அழவில்லை. கொல்லையில் போய், யாரும் கேட்காமலே விறகு பிளக்க ஆரம்பித்தார். சவப்பெட்டி வந்த பிறகும் பிளந்துகொண்டிருந்தார். போய்க் கோடாலியைக் கையிலிருந்து வாங்கியது கில்தோதான்.

அடக்கம் முடிந்து ஊர் திரும்பி வந்து நீண்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்தது. பெண்கள் வேகவைத்த இறைச்சியும் சூப்பும் கொண்டுவந்து வைத்தார்கள். ஒனோரினா பர்பேரா பாட்டிலை எடுக்கப் போனாள். எவாசியோ அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அது வேண்டாம். அவளோடதைக் கொண்டு வரேன். இனி யாருக்கு வைக்கிறது?"

பன்னிரண்டையும் அவரே சுமந்து வந்தார். வெள்ளை விரிப்பின் மேல் வரிசையாக வைத்தார். மெழுகை உடைத்துத் திறந்து, எல்லோருக்கும் ஊற்றினார். நீவெஸ் உட்காருகிற இடத்தில் ஒரு கிளாஸ் நிரப்பி வைத்தார். அவள் முதல் வாய் குடித்துவிட்டாள், நிலவறையிலேயே குடித்துவிட்டாள், சபதம் தீர்ந்தது. அந்த ஒரு நினைப்புத்தான் அந்தக் குளிர்காலம் முழுவதும் அவரைத் தாங்கிப் பிடித்திருந்தது. எத்தனையோ செய்ய முடியாமல் போனாலும், அவள் ஒயினை அவள் வாயில் கொடுத்துவிட்டேன் என்ற நினைப்பு.

கிளாஸை எடுத்தார். சுழற்றினார். மூக்கை விட்டார்.

வெளியூர்க்காரன் யாராவது குடித்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டான். பழைய ஒயின், கொஞ்சம் மங்கலாக இருக்கிறது என்று நினைத்துப் போயிருப்பான். எவாசியோவுக்கு அப்படி இல்லை. ரோஜா இல்லை. தார் இல்லை. அவை இருந்த இடத்தில், எங்கோ ஆழத்தில், ஈரத் துணி. அடுத்த பாட்டிலை எடுத்து மோந்தார். அதிலும் ஈரத் துணி. அதற்கடுத்து, பன்னிரண்டாவது வரை அதேதான். பன்னிரண்டும் ஒன்றுபோலப் போயிருந்தால் கெட்டது புதுத் தக்கையல்ல. பலி பாட்டில்.

ஒரு வாய் கலந்ததற்கே இப்படியென்றால், அந்தப் பாட்டிலின் அடியில் மீந்திருந்தது எப்படி இருந்திருக்கும்? வாயருகே கொண்டுபோக முடியாதபடி நாறியிருக்கும். நோயில் அவளுக்கு மூக்கு மங்கியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக்கூட இடமில்லை. பத்து வயதிலேயே கண்டுபிடித்தவள். கண்ணை மூடிக்கொண்டு அத்தனை நேரம் இருந்தாளே, அது எதற்கு என்று இப்போது தெரிந்தது. கைக்குட்டை கட்டின அப்பன் முகத்தைப் பார்த்து, சொல்லக்கூடாது என்று முடிவு செய்திருக்கிறாள். சாகப்போகிற பிள்ளை, அழுகல் ஒயினைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, இன்னும் ஊத்துப்பா என்று கிளாஸை நீட்டியிருக்கிறாள்.

பந்தி மொத்தமும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எங்கள் மலைக்காரர்கள். ஒவ்வொருவருக்கும் மூக்கு இருந்தது. ஒவ்வொருவரும் என்றோ ஒருநாள் எவாசியோவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். எவாசியோ மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். வாழ்நாளெல்லாம் எந்த மேஜையிலும் சொல்லத் தயங்காத மனுஷர் அவர்.

"எல்லாரும் கிளாஸைக் கீழ வைங்க," என்றார். "இது... என் பொண்ணு ஒயின்ல..."

யாரும் கீழே வைக்கவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த கில்தோ தன் கிளாஸை எடுத்தார். சுழற்றவில்லை, மோந்து பார்க்கவில்லை. ஒரே மூச்சில் இல்லாமல், விருந்தில் நல்ல ஒயினைக் குடிப்பதுபோல நிதானமாக, வாய் வாயாகக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். புறங்கையால் மீசையைத் துடைத்துக்கொண்டார். பிறகு கையை மேஜைக்கு மேலே நீட்டி, காலி கிளாஸை எவாசியோவின் முன்னால் பிடித்தார்.

ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் குடித்துவிட்டு நீட்டினார்கள். எவாசியோ பாட்டிலை எடுத்தார். ஊற்றும்போது வெள்ளை விரிப்பில் சிந்தியது. ஒனோரினா துடைக்கவில்லை, எழுந்து வந்து அவர் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே கில்தோவுக்கு ஊற்றினார்.